கூப்பிட்ட குரல்

பாமா பொலிஸில் சேர்ந்துவிட்டாள் என்று லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலில் கதை பரவியபோது, அதை அவளிடம் நேரே கேட்டவர் நாகேஸ்வரி மாமி ஒருவர்தான்.

"என்ன பிள்ளை, பொலிஸ் வேலைக்குப் போயிட்டியாம். சம்பளம் நல்லதோ?"

"பொலிஸ் இல்லை மாமி. ஆரும் காணாமல் போனால் பொலிஸ் எங்களைக் கூப்பிடும். நாங்கள் போய்த் தேடுறது. சம்பளம் ஒண்டும் இல்லை."

"சம்பளமும் இல்லையோ. அப்ப பொலிஸை விட மோசமெல்லே."

பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் சேர்ந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. பாஸ்கரன் போன விதம் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பாமாவின் கணவன் பாஸ்கரன், ஒரு பெப்ரவரி மாதக் காலையில் தொலைபேசியையும் வீட்டுத் திறப்புக் கொத்தையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போனவன். மாதக்கணக்காக அவன் நித்திரை கொள்ளாமல் இருந்தது அவளுக்குத் தெரியும். அது எதுவரைக்கும் போகும் என்பதுதான் தெரியாமலிருந்தது. தேடல் குழுவினர் ரோடிங் ஆற்றங்கரையில் அவனைத் தேடியபோது அவளும் கூட நின்றாள். நின்று கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தவில்லை. கட்டிய நாளிலிருந்து அவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. "இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ" என்றுதான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரி, உங்கள் கணவரின் பெயரை வேறுமாதிரி அல்லவா எழுதித் தந்தீர்கள் என்று குழம்பிப்போய்க் கேட்டாள்.

அன்று பின்னேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவளிடம் வந்து செய்தியைச் சொன்னவள் கிளெயர். பள்ளிக்கூடமொன்றில் புவியியல் படிப்பிப்பவள். சனி ஞாயிறுகளிலும் மற்ற வேளைகளிலும் தொண்டுக்குத் தேடப் போகிறவள். அவள் அதைச் சொன்ன விதம், சொல்லிவிட்டு ஓடிப்போகாமல் மழையில் கூடவே நின்ற விதம், பாமாவின் மனதில் தங்கிவிட்டது. அடுத்த கோடையில் அவளே போய்க் குழுவில் சேர்ந்தாள். வரைபடம் பார்க்கவும், வோக்கி டோக்கியில் சுருக்கமாகப் பேசவும், பற்றைகளை முன்னால் மட்டுமல்லாமல் தாண்டிப் போய்த் திரும்பி நின்று பின்னாலும் பார்க்கவும் பழகினாள். ஒன்றைத் தவிர எல்லாம் செய்தாள். காட்டுக்குள் நின்று குரல் கொடுக்க அவளால் ஏலவில்லை. கூப்பிட வேண்டிய இடங்களில் விசில் ஊதினாள். கிளெயர் அதைக் கவனித்தாள். ஆனால் கேட்கவில்லை.

தியாகராஜா காணாமல் போனது ஒரு ஜனவரி மாதம். எழுபது தாண்டியவர், மறதி நோய்க்காரர். நெடுங்காலம் பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தவர். பாமாவுக்கு அவரைக் கோயிலில் கண்ட பழக்கம் உண்டு. வாசலில் சனம் கண்டபாட்டுக்குக் கழற்றிப் போடும் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோடி சேர்த்து வரிசையாக வைப்பார். யாரும் கேட்டுச் செய்வதல்ல. கடைசிக் காலத்தில் சோடி மாறத் தொடங்கியது. அப்போதும் சனம் ஒன்றும் சொல்லாமல், அவர் பார்க்காத நேரம் தத்தம் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனது.

பாமா வன்ஸ்டெட் பூங்காவின் வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. நாய் கூட்டிக்கொண்டு நடந்த பெண்ணொருத்தி, பழுப்புக் கம்பளிச் சட்டையும் வீட்டுச் செருப்புமாக ஒரு கிழவர் மரங்களுக்குள் இறங்கிப் போனதைக் கண்டிருந்தாள். கிளெயர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி விபரம் சொன்னாள். ஆங்கிலம் இப்போது அனேகமாக மறந்துவிட்டது, தமிழ் மட்டும்தான். நடை நல்ல நடை. காது நன்றாகக் கேட்கும். மகன் சொன்னபடி காலையில் எந்தக் கோபமோ குழப்பமோ இல்லை. இருட்டுமுன் கண்டெடுத்தாக வேண்டும், இந்தக் குளிரில் இரவு தாங்காது.

அந்த மகன் நிருஜன், பொலிஸ் சார்ஜன்டோடு குடையில்லாமல் நின்று பேசிக்கொண்டிருந்தான். தாய் தவநாயகி காரின் பின்சீற்றில் இருந்தார்.

"அக்கா, இன்னைக்கு நாம ரெண்டு பேர் இருக்கோம்" என்றான் கல்யாணசுந்தரம். லால்குடிப் பையன், வங்கியொன்றில் கணினி வேலை. குழுவுக்கு அவன் பெயர் வாயில் நுழையாததால் 'கெல்' ஆகிவிட்டிருந்தான். "தமிழ் மட்டும்தான் தெரியும்னு சொன்னதும் கிளெயர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. பத்து வருஷமா இந்த ஊர்ல தமிழுக்கு இப்படி ஒரு மரியாதை நான் பார்த்ததில்லை."

"கதைச்சது போதும். ஜக்கெற்றைப் பூட்டு. நனையப்போறாய்."

தலைக்கவசமும் பச்சைக் காற்சட்டையும் கையில் நீளத் தடியுமாக, ஒருவரை ஒருவர் காணக்கூடிய தூரத்தில் வரிசையாகப் பரந்து காட்டுக்குள் நடந்தார்கள். தடியால் பற்றைகளை விலக்கினார்கள். விழுந்து கிடந்த மரங்களுக்குக் கீழே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். குறித்த தூரத்துக்கு ஒருமுறை கிளெயர் எல்லோரையும் நிறுத்துவாள். விசில், பிறகு ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிறகு எல்லோரும் மூச்சையும் அடக்கிக் காது கொடுப்பார்கள். 'மிஸ்டர் தியாகராஜா' என்று வெள்ளைக்கார வாய்களில் அந்தப் பெயர் உடைந்து உடைந்து போயிற்று. மழைதான் பதில் சொன்னது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கிளெயர் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து பாமாவிடம் நீட்டினாள்.

"அவருடைய மொழியில் கூப்பிடு பாமா. என்ன சொல்வது என்று உனக்குத்தான் தெரியும்."

பாமா அதை வாங்கினாள். குளிர்ந்துபோயிருந்தது. வாயருகே கொண்டுபோனாள். ஆற்றின் சத்தம் மரங்களுக்கு அப்பால் கேட்டது, அதே ஆறு. அவள் தொண்டைக்குள் இருந்தது ஒரே ஒரு சொல்தான், அந்தச் சொல்லைத் திரும்பவும் அந்த ஆற்றைப் பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை. ஒலிபெருக்கியைக் கல்யாணசுந்தரத்திடம் கொடுத்தாள்.

"நீ கூப்பிடு தம்பி."

"நீங்கதானே அக்கா அவங்க ஊர்க்காரங்க."

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. தமிழ்தானே, ஆர் கூப்பிட்டால் என்ன."

"என்னன்னு சொல்லட்டும்?"

"பயப்பிட வேண்டாம், வெளியிலை வரச் சொல்லு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். நல்ல கணீரென்ற குரல். அவன் ஊர்த் திருவிழாக்களில் அறிவிப்பாளனாக நின்ற கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

"ஐயா, பயப்படாதீங்க. வெளியே வாங்க. நாங்க உங்களுக்கு உதவி செய்யத்தான் வந்திருக்கோம். ஒண்ணும் பயமில்லை, வெளியே வாங்க."

எல்லோரும் அசையாமல் நின்றார்கள். முன்னால், முள்ளிலை ஹொலிப் பற்றைகள் அடர்ந்த சரிவில் ஏதோ சரசரத்தது. பிறகு நின்றது. கிளெயர் கையை உயர்த்தினாள். கல்யாணசுந்தரம் இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டான். சரசரப்பு வரவில்லை. எங்கோ ஒரு கொப்பு முறிந்தது, அவ்வளவுதான்.

"நரியாக இருக்கும்" என்றான் வரிசையில் நின்ற ஒருவன்.

இருட்டுகிற அவசரத்தில் பின்னால் போய்ப் பார்க்காமல், பற்றைக்குள் மட்டும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சரிவு வழியே இறங்கினார்கள். அந்தத் துண்டு நிலம் முடியுமட்டும் கல்யாணசுந்தரம் சலிக்காமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

குழு சற்று ஆறத் தரிப்பிடத்துக்குத் திரும்பியபோது, தாயோடு போய்க் கொஞ்சம் இரு, அவருக்குப் பேச ஆளில்லை என்று கிளெயர் பாமாவை அனுப்பினாள். காருக்குள் பொரித்த எண்ணெய் வாசம். தவநாயகி வீட்டில் இருந்த மரக்கறி ரோல்ஸ் எல்லாவற்றையும் ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார், தேட வந்த பிள்ளைகள் பட்டினியாக நிற்பார்கள் என்று.

"எடு பிள்ளை. நீ பாஸ்கரன்ரை மனுசியெல்லே?"

"ஓம் அன்ரி."

தவநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலமை ஹெலி சுத்தினது. எங்கடை வீட்டுக்கு மேலாலை, கனநேரம். ஆரோ கள்ளனைத் தேடினவங்களாக்கும். நான் குளிச்சுப்போட்டு வாறன், மனுசனைக் காணேல்லை. பின்கதவு திறந்து கிடக்கு."

"இதைப் பொலிஸுக்குச் சொன்னனீங்களோ?"

"நான் இவனுக்குச் சொன்னனான். இவன்தான் சொல்லேல்லை."

நிருஜன் முன்சீற்றில் இருந்து திரும்பாமலே சொன்னான். "லண்டனிலை ஹெலிகொப்டர் பறந்தது எண்டு ஒரு பொலிஸுக்கு என்னெண்டு அம்மா சொல்லுறது. அவன் சிரிப்பான்."

"அவருக்கு ஒவ்வொரு நாளும் வேறை வேறை வருசம், பிள்ளை. ஒரு நாள் பெற்றோல் ஸ்டேஷனுக்கு ஷிப்ட் எண்டு வெளிக்கிடுவார். ஒரு நாள் என்னைப் பாத்து, நீர் ஆரின்ரை பிள்ளை எண்டு மரியாதையாக் கேப்பார். ஹெலிச் சத்தம் கேட்டால் மட்டும் எப்பவும் அந்த வருசம்தான்."

"எந்த வருசம் அன்ரி?"

"இந்தியன் ஆமி நிண்ட காலம். விடியச் சுத்திவளைச்சிட்டாங்கள். இவரும் தம்பியாரும் பின்காணிப் பனை வடலிக்குள்ளை ஒளிச்சுக் கிடக்கினம். ஒருத்தன் லவுட்ஸ்பீக்கரிலை சொல்லிக்கொண்டு வாறான். பயப்படாதீங்க, வெளியே வாங்க, விசாரிச்சிட்டு விட்டுடுவோம் எண்டு. வடிவான தமிழ். தம்பியார் எழும்பேல்லை. இவர்தான், தமிழன்தானேடா, ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு சொல்லி அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனவர்."

மடியில் இருந்த பெட்டியின் மூடியை அவர் மூடினார். மறுபடி திறந்தார்.

"இவரை விட்டவங்கள். தம்பியை விடேல்லை."

கார்க் கண்ணாடியில் மழை வழிந்தது. பாமாவின் கையில் ரோல் கடிபடாமல் இருந்தது. அவளுக்கும் அந்தக் குரல் நினைவிருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில், பள்ளிக்கூட வளவில் வெயிலுக்குள் சனத்தோடு சனமாக இருத்தப்பட்டபோது கேட்டிருந்தாள். நினைவிருந்தும் நினைவு வரவில்லை. கல்யாணசுந்தரத்தின் குரல் அவளுக்குக் கல்யாணசுந்தரத்தின் குரலாக மட்டுமே இருந்துவிட்டது.

"அதுக்குப் பிறகு ஆர் வந்து எந்த லவுட்ஸ்பீக்கரிலை கூப்பிட்டாலும் அவர் எழும்பினதில்லை. கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளுக்குள்ளை போவார். ஆமி போனாப் பிறகு நான் பின்வேலியடியிலை போய் நிண்டு, இஞ்சருங்கோ எண்டு ஒருக்கால் சொல்லவேணும். அப்பதான் வருவார்."

பாமா காரை விட்டு இறங்கினாள். கிளெயரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். ஒலிபெருக்கி வேண்டாம், வரிசை வேண்டாம், விளக்கு வேண்டாம், மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் கூப்பிட விடுங்கள் என்றாள். மூச்சு வாங்கியதில் பாதி தமிழில் வந்தது. கிளெயர் முழுவதும் விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு அவள் பாமாவின் முகத்தைப் பார்க்காமல் நேரே சார்ஜன்டிடம் போனாள். தேடும் இடத்துக்குள் குடும்பத்தாரை விடுவதில்லை. காணக்கூடாததைக் கண்டுவிடுவார்கள். அந்த விதி ஏன் வந்தது என்று பாமாவுக்குத் தெரியும். கடைசியில், பாதை ஓரம் வரைக்கும் என்று விட்டார்கள்.

தவநாயகி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் பின்னால் தள்ளி நின்றார்கள். மரங்கள் கறுப்பாகிவிட்டிருந்தன. அவர் கத்தவில்லை. அடுக்களையிலிருந்து முன்னறைக்குக் கேட்கும் அளவுக்குத்தான் குரலை எடுத்தார்.

"இஞ்சருங்கோ. போயிட்டாங்கள். வாங்கோ."

காத்திருந்தார்கள்.

"இஞ்சருங்கோ. ஒருத்தரும் இல்லை. தேத்தண்ணி ஆறுது, வாங்கோ."

கல்யாணசுந்தரம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தவநாயகி காருக்குள் சொன்னது அவனுக்குத் தெரியாது. அம்மாவின் குரலாவது அவருக்குக் கேட்கட்டும் என்று பாமாவின் காதுக்குள் சொன்னான். ஆனால் கேட்கும் தூரத்தில் தியாகராஜா இப்போது இல்லை. பாமா வாய் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் கேட்கக்கூடிய தூரத்தில் பின்னேரம் இருந்திருக்கிறார். பிறகு இல்லை.

அவரை எடுத்தது மறுநாள் காலை. முதலில் செருப்புகள்தான் கிடைத்தன. ஹொலிப் பற்றைக்குப் பின்னால், விழுந்த மரமொன்றின் அடியில் மழை படாத காய்ந்த பொந்து ஒன்று இருந்தது. அதன் வாசலில் வீட்டுச் செருப்பு இரண்டும் இடம் வலம் பிசகாமல், சோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பிஸ்கட் உறை. அங்கேயே இருந்திருந்தால் இரவு தாங்கியிருக்கக்கூடும் என்று ஒருவர் சொன்னார். அங்கிருந்து வெறுங்காலடிகள், சேற்றில் ஆழமாகப் பதிந்து, வரிசை வந்த திசைக்கு எதிர்ப்புறமாக ஆற்றை நோக்கிப் போயிருந்தன. ஆற்றோரம், வேர்களுக்கு இடையில், இலை சருகை அள்ளி மேலே போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். தண்ணீரில் விழவில்லை. குளிர்தான்.

செய்தியைப் பாமா சொன்னாள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தமிழில், நின்று சொன்னாள். சொல்லிவிட்டு ஓடவில்லை.

உடல் கைக்கு வந்து காரியங்கள் நடந்து முடியப் பிந்தியது. எட்டுச் செலவுப் படையலுக்கு வரச்சொல்லி நிருஜன் அழைத்திருந்தான்.

"நானும் வர்றேன்க்கா" என்றான் கல்யாணசுந்தரம். "கூப்பிட்டது நான்தானே. போகலைன்னா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"வேலை நாளிலை உனக்கேன் வீண் அலைச்சல். நான் சொல்லிவிடுறன்."

"லீவு போட்டுட்டேன்."

பஸ்ஸில் அவன் பக்கத்தில் இருந்தபோது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தாள். ஒலிபெருக்கியை அவன் கேட்டு வாங்கவில்லை. அவள்தான் கொடுத்தாள். இந்தியன் ஆமி ஊரை விட்டுப் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு பிறந்தவன் அவன். அதைச் சொன்னால், இனி எந்தக் காட்டிலும் அவனால் வாய் திறக்க முடியாது போய்விடும். அது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

முன்னறையில் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வயதான ஆண்கள் நாலைந்து பேர் சுவரோரம் கதிரைகளில் இருந்து கவுன்சில் வரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தவநாயகி வந்து பாமாவின் கையைப் பிடித்தார்.

"ஆர் பிள்ளை இந்தத் தம்பி?"

பாமா வாய் திறக்குமுன் அவன் குனிந்து கும்பிட்டான்.

"கல்யாணசுந்தரம்மா. அக்கா கூடத் தேட வந்தவன். அன்னைக்கு நான்தாம்மா மைக்ல ஐயாவைக் கூப்பிட்டேன். எவ்வளவோ தடவை கூப்பிட்டேன்."

தவநாயகியின் கை பாமாவின் கைக்குள் அசையாமல் நின்றது. சுவரோரத்துப் பேச்சும் நின்றது. கதிரையில் இருந்த ஒருவர் தன் முழங்கால்களைப் பார்த்துக் குனிந்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"திருச்சிப் பக்கம்மா. லால்குடி."

"என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

அவன் தயங்கிவிட்டு மெல்லிய குரலில் சொன்னான். "ஐயா, பயப்படாதீங்க, வெளியே வாங்கன்னுதாம்மா."

நிருஜன் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்து, ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள் என்று விளங்காமல் நின்றான். தவநாயகி பாமாவைப் பார்த்தார். நீண்ட பார்வை. அதில் கோபத்தைத் தேடிய பாமாவுக்குக் கோபம் அகப்படவில்லை. அது இருந்திருந்தால் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும். பிறகு அவர் திரும்பிக் கல்யாணசுந்தரத்தின் தோளில் கை வைத்தார்.

"நல்ல குரல் தம்பி உங்களுக்கு. அவருக்குத்தான் காது கேளாது. கடைசி வருசங்களிலை ஒண்டுமே கேக்காது. நீங்கள் அதை நினைச்சுக் கவலைப்படக்கூடாது. இருங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

தானே இலை போட்டு, தானே பரிமாறினார். அவன் போதும் போதும் என்று கையால் மறைத்தபோதும் இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் குழம்பு விட்டார்.

வெளிக்கிடும்போது வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. கல்யாணசுந்தரம் தன் சப்பாத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடினான்.

"அக்கா, அன்னைக்குக் கிளெயர் காது நல்லா கேட்கும்னுதானே சொன்னாங்க?"

பாமா குனிந்து, குவியலுக்குள் இருந்து அவனுடைய மற்றச் சப்பாத்தை எடுத்தாள். அதைச் சோடியோடு சேர்த்து அவன் காலடியில் வைத்தாள்.

"மாறிச் சொல்லியிருப்பாள்" என்றாள். "போடு, பஸ் வரப்போகுது."